பதினேழாம் துளைக்குச் சாட்சி

எருக்க மலையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, ஒரு கையில் குடையும் மறு கையில் கூழாங்கல்லுமாக, மூன்று மணி நேரம் அந்தப் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தேன். நிலவியலில் முதுகலை படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். பதக்கம் கொடுத்தவர்கள் இதைப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

தட்டியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் துறையில் மண் பரிசோதனைக்காகப் போடும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சாட்சி உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு வில்லை. துளை போடும் இடத்தில் அதை வைத்துவிட்டால், தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், பக்கத்தில் இயந்திரம் அதிர்கிறதா என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டே இருக்கும். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதால் அதைச் செய்தார்கள். அன்று பதினேழாம் துளை. வரைபடப்படி துளைக்கான இடம் நான் உட்கார்ந்திருந்த பாறை. துளை போடும் ரிக்கோ தொண்ணூறு மீட்டர் கீழே, பலாமர வளைவில், ஒரு டீக்கடை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. வில்லை மேலே, ரிக் கீழே. அதிர்வு வேண்டுமே என்று நான் தட்டினேன்.

யோசனை சவரிமுத்து அண்ணனுடையது. முப்பது வருஷமாக ரிக் ஓட்டுகிறவர். காலையில் அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், இதுல ட்ராக்டர் ஏறாது. ஏறினாலும் ரிக்கு நிக்காது. நின்னாலும் நான் நிக்க மாட்டேன்."

"அப்ப என்ன பண்றது?"

"எல்லாரும் பண்றதுதான். வில்லைய எடுத்துக்கிட்டு யாராச்சும் மேல போய் உக்காரணும். என் ஆளுங்க மூணு பேருக்கும் இங்க வேலை இருக்கு. தொண்ணூறு மீட்டர்ல மலை மாறிடவா போகுது?"

ஒன்பது மீட்டரில் கூட மலை மாறும். எனக்கு அது தெரியும். ஆனால் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இருபத்து நான்கு துளைகளையும் மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற இருபத்து மூன்றும் உரிய இடத்திலேயே போட்டவை, சத்தியமாக. ஒன்றே ஒன்றுதானே என்று குடையை எடுத்துக்கொண்டு நானே ஏறிவிட்டேன்.

பாறைக்கு மேலேதான் மேலூத்து. முப்பத்தெட்டு வீடுகள். தட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அந்த ஊரின் வார்டு மெம்பர் ராமாயி விறகுக் கட்டோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"என்ன மேடம், கல்லுக்கு நோவுங்களா? நாடி புடிச்சுப் பாக்கறீங்க?"

"அளவு எடுக்கறேங்க," என்றேன். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரோடு வந்துருமா?"

"அதுக்குத்தாங்க இதெல்லாம். இந்த மலை மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு மலை இருக்கு. நிகர்மலைன்னு பேரு. நாங்க துளை போட்டு எடுக்கற மண்ணையும் கல்லையும் வெச்சு அது தன்னைத்தானே கட்டிக்கும். ரோட்டை மொதல்ல அதுல போட்டுப் பாப்பாங்க. ஒரு மத்தியானத்துக்குள்ள நூறு மழைக்காலத்தை அது மேல பேய வைப்பாங்க. எங்க சரியும், எங்க சரியாதுன்னு அது சொல்லிடும்."

"டூப்பு மலைங்களா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அதுல நாங்க இருக்கமா?"

"முப்பத்தெட்டு வீடும் இருக்கு. ஆளுக்கு அம்பத்தெட்டு கிலோன்னு போட்டிருக்கு."

"எங்க வூட்டுக்காரரு அவ்ளோ இருக்க மாட்டாரே."

"சராசரிங்க."

ராமாயி விறகை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதிருக்கும் மண் பாதை அடிவாரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர். கோடையில் பலாமர வளைவு வரை ட்ராக்டர் வரும். மழை பிடித்தால் இரண்டு ஓடைகளும் பாதையை அறுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஆறு மாதத்துக்கு, நோயாளியை மூங்கிலில் தொட்டில் கட்டித் தூக்குகிற டோலிதான்.

"போன ஐப்பசில எங்க நாத்தனாள டோலி கட்டித் தூக்கிட்டுப் போனோம். மாசமா இருந்தா. டோலில இருக்கறவங்ககிட்ட வழியெல்லாம் பேசிக்கிட்டே போவணும், அதுதான் எங்க வழக்கம். கண்ணச் சொருக வுடக்கூடாது. பலாமர வளைவு வரைக்கும் எங்களுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் வந்தா. அதுக்கப்புறம் நாங்கதான் பேசிட்டுப் போனோம்."

அவள் மடியிலிருந்து சுட்ட பலாக்கொட்டையை எடுத்துக் கொடுத்தாள். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தின்றேன், மறு கையால் தட்டினேன். சாயங்காலம் கீழே இறங்கினபோது சவரிமுத்து அண்ணன் துளையிலிருந்து எடுத்த மண்ணை நீளப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். பதினொரு மீட்டர் ஆழத்துக்கும் சாம்பல் நிறக் களி. விரலால் அமுக்கினால் வெண்ணெயாக வழுக்கியது. பெட்டியின் மூடியில் 'துளை 17' என்று என் கையாலேயே எழுதினேன்.

ஆனி மாதம் நிகர்மலையின் தீர்ப்பு வந்தது. அதைச் சொல்வதற்காக என் மேலதிகாரி கதிரேசன் சார் மேலூத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கெட்டவர் இல்லை, களைத்தவர். சுவரில் படம் ஓடியது. நிகர்மலை மேல் மழை பெய்தது. மூன்றாவது மழைக்காலத்தில், முப்பத்தெட்டு வீடுகளும் அப்படியே நழுவிப் பள்ளத்தில் இறங்கின.

"மேலூத்துக்குக் கீழ பதினொரு மீட்டருக்குக் களி இருக்கு," என்றார் கதிரேசன் சார். "இனிமே நீங்க இங்க இருக்கறது ஆபத்து. ஆனா பயப்படாதீங்க. பலாமர வளைவு நல்ல கெட்டியான இடம்னு நிகர்மலை சொல்லுது. அங்க உங்களுக்கு மெஷின் அச்சடிச்சு எழுப்பற அச்சு வீடு வரும். ரோடும் அதுவரைக்கும் வரும். வீட்டு வாசல்லயே ஆம்புலன்ஸ் நிக்கும்."

பலாமர வளைவில் துளை போட்டதாகப் பதிவே இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த பதினாறாம் துளையிலும் பதினெட்டாம் துளையிலும் பாறை இருந்தது. நடுவிலும் பாறைதான் இருக்கும் என்று நிகர்மலை நிரப்பிக்கொண்டுவிட்டது. பாறை மேல் இருக்கிற ஊரை எடுத்துக் களி மேல் வைக்கப்போகிறார்கள். அதைச் செய்தது இந்தக் கை, ஒரு கூழாங்கல்லைக் கொண்டு.

ராமாயி எழுந்தாள். "சார், எங்க ஊரு வுழுந்துருச்சுன்னு ரேசன் கடையில சொல்றாங்க. காலைல பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"சட்டப்படி விழுந்துடுச்சும்மா," என்றார் சார்.

சட்டம் அப்படி. வேறு ஒரு மலையில் எச்சரிக்கையை யாரும் மதிக்காமல் ஒரு ஊரே புதைந்துபோன பிறகு கொண்டுவந்த சட்டம். சரியும் என்று நிகர்மலை சொன்ன நிலம், அன்றைக்கே சரிந்த நிலமாகிவிடும். ரேசன், மின்சாரம், நர்ஸம்மா வருகை எல்லாம் புதிய முகவரிக்குப் போய்விடும். புரட்டாசி முடிவதற்குள் மேலூத்தைக் காலி செய்ய வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், அதில் சந்தேகமில்லை.

சவரிமுத்து அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அந்தக் களில கம்பி கூட நிக்கல மேடம். அங்கயா வீடு கட்டறாங்க?"

"அங்கதாண்ணே."

"சொல்லிடுங்க. என் லைசென்ஸ் போனாப் போகுது."

"என் வேலையும் போகும்."

"அத நீங்க பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டார்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பதினொரு நாள் ஆயிற்று. வங்கித் தேர்வு எழுதலாமா என்று யோசித்தேன். நிகர்மலையே எப்படியாவது கண்டுபிடித்துவிடாதா என்று காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பலாமர வளைவில் நான்கு மாதிரி வீடுகளை அச்சிட்டு முடித்துவிட்டதாகப் படம் வந்தது. வாசலில் கோலம் கூடப் போட்டிருந்தார்கள். அன்று கதிரேசன் சார் அறைக்குள் போய் நின்றேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கல்லால தட்டினதுக்கு ஆதாரம் இருக்காம்மா?"

"நான்தான் சார் ஆதாரம்."

"நீ ஒரு தடவை பொய் சொன்னேன்னு நீயே சொல்ற. அப்ப இப்ப சொல்றதை எப்படி எடுத்துக்கறது?"

மேசை மேலிருந்த கம்ப்யூட்டரில் நிகர்மலையிடமே கேட்டார். அதன் குரல் எப்போதும் போல மரியாதையாக இருந்தது.

"பதினேழாம் துளையில் சாட்சி வில்லை மூன்று மணி நேரம் பத்து நிமிடம் இருந்துள்ளது. அதிர்வு மிகச் சீராகப் பதிவாகியுள்ளது. இருபத்து நான்கு துளைகளில் இதுவே ஒழுங்கான பதிவு. பொறுப்பாளருக்குப் பாராட்டுகள்."

"அது நான் தட்டினது!" என்று கத்தினேன்.

"நெடுநாள் மலைப்பகுதியில் பணியாற்றுவோருக்கு நினைவுக் குழப்பம் ஏற்படுவதுண்டு," என்றது நிகர்மலை. "ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது."

எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் கதிரேசன் சாருக்கு மனசு கேட்கவில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். அதே இடத்தில் வேறொரு ஒப்பந்ததாரரை வைத்துச் சரிபார்ப்புத் துளை போட உத்தரவிட்டார். நான் அழாத குறையாக நன்றி சொன்னேன்.

ஆவணியில், சரிபார்ப்பு நாளன்று, விடுப்பில் இருந்தவள் சும்மா இருக்க முடியாமல் மலையேறிப் போனேன். பலாமர வளைவை நெருங்கும்போதே ரிக் ஓடும் சத்தம் கேட்டது. டீக்கடை வாசலிலிருந்து கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். மேலே பாறையில் ஒரு குடை தெரிந்தது.

மூச்சு வாங்க ஏறினேன். சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, என் வயதுடைய ஒருவர் கல்லும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க நீங்க?" என்றார், தட்டுவதை நிறுத்தாமல்.

"உங்களுக்கு முந்தி இங்க உக்காந்தவ."

அவர் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார். "எத்தனை செகண்டுக்கு ஒருதரம் தட்டினீங்க? நீங்க தட்டினதுதான் நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க."

நான் கத்தினேன். முப்பத்தெட்டு குடும்பம் என்றேன். இதைச் சரிபார்க்கத்தானே உங்களை அனுப்பினார்கள் என்றேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

"ரிக்கு ஏறலைங்க, நாங்க என்ன பண்றது? தொண்ணூறு மீட்டர்ல மலை மாறிடவா போகுது?"

சரிபார்ப்பில் பதினொரு மீட்டர் களி உறுதியானது. நிகர்மலையின் நம்பிக்கை அளவு தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றொன்பதாக உயர்ந்தது. பாறையில் பார்த்ததை நான் போய்ச் சொன்னபோது, அதையும் நினைவுக் குழப்பத்தில் சேர்த்துக்கொண்டது.

மிச்சமிருந்தது ராமாயி ஒருத்திதான். அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நெல்லை உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அன்னிக்கு என் கையால பலாக்கொட்டைய வாங்கித் தின்னீங்களே."

"ஆமாங்க."

"தின்னுக்கிட்டே எங்க ஊரத் தள்ளி வுட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போவதை நினைத்தபோது கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

அவள் மறுபடி குனிந்து நெல்லைத் துழாவினாள். "மழையில அந்த வளைவுல மாடு முழங்கால் வரைக்கும் எறங்கும். ஊருக்கே தெரியும். நீங்க அம்மாம்பெரிய மிசினு வெச்சுப் பாத்துட்டு கெட்டின்னு சொல்றீங்க, நாம என்னத்தக் கண்டோம்னு வாய மூடிக்கிட்டோம். இப்ப, நீங்க மொதல்ல சொன்னது பொய்யின்னா, ரோடும் போயிருமா?"

"வளைவு களின்னு ஆயிட்டா ரோட்டுத் திட்டத்தையும் திரும்ப எடுப்பாங்க. வருமா, வராதான்னு எனக்குத் தெரியலைங்க."

அன்று காலை முழுவதும் ஊர் கூடிப் பேசியது. ரோடு முதலில் வரட்டும், வீடு சரிந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் டோலி தூக்கியவர்கள்தான். கடைசியில் ராமாயி சொன்னது எடுபட்டது. "ஆம்புலன்சு வாசல்ல வந்து நிக்கும், சரி. ஏத்தறதுக்கு ஆளு இருக்கணுமில்ல?"

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே ஒரு மறுப்புத் துளை போடலாம். அடிவாரத்திலிருந்து துளை வரை ரிக் போகும் வழி முழுவதையும் இடைவெளியில்லாமல் படம் பிடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. சவரிமுத்து அண்ணன் தன் சின்ன ரிக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு, கேட்காமலேயே வந்து நின்றார். ஆனால் அதற்குள் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு ஓடைகளும் பாதையை அறுத்துவிட்டன. ட்ராக்டர் அடிவாரத்தோடு நின்றது.

ராமாயியின் கணவர் சடையன் ரிக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதக் கழட்ட முடியுமா?"

"பதினாலு துண்டாக் கழட்டலாம்," என்றார் சவரிமுத்து அண்ணன். "இஞ்சின் மட்டும் நூத்தி முப்பது கிலோ. அத மேல கழட்ட முடியாது."

"நூத்தி முப்பதுதான? தூக்கிரலாம்."

நாற்பத்தாறு பேர் வந்தார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். தலைக்கு மேலே ஒரு ட்ரோன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டே வந்தது. இஞ்சினுக்கு எட்டுப் பேர். மூங்கிலில் கயிற்றுத் தொட்டில் கட்டி, நோயாளியை வைப்பது போலவே வைத்தார்கள். மழை வந்ததும் யாரோ கம்பளி போர்த்திவிட்டார்கள். முதல் ஓடையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டாவதில் மார்பளவு. சடையன் முன்னால் நின்று கத்திக்கொண்டே வந்தார். "பதனம், பதனம். குலுக்காதீங்க. கால எடுத்து வெச்சுட்டு அப்புறம் தோள மாத்துங்க."

பாதி வழியில்தான் கவனித்தேன், அவர்கள் இஞ்சினோடு பேசிக்கொண்டு வந்தார்கள். பழக்கம். "இந்தா வந்துட்டோம் தாயி, இன்னும் ரெண்டு வளைவு," என்றார் ஒருவர். "கண்ண மூடாத," என்றார் இன்னொருவர், சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். பலாமர வளைவு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையைத்தான் துடைக்கிறாள் என்று நான் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து செங்குத்துப் பாறை. கயிறு கட்டி, படி வெட்டி, ஒவ்வொரு துண்டாக ஏற்றினார்கள். மாலை ஐந்து மணிக்கு இஞ்சின் நான் உட்கார்ந்த அதே இடத்தில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை.

மூன்று நாள் துளையிட்டோம். அரை மீட்டர் மண், அதற்கு அப்புறம் கருங்கல், கருங்கல், கருங்கல். உருளை உருளையாக வந்த கல்லைச் சவரிமுத்து அண்ணன் சுத்தியலால் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது.

"மேடம், இந்தத் தட்டு நெசமான தட்டு," என்றார்.

படம் பதினொரு மணி நேரம் ஓடியது. நிகர்மலை அதை நாலு நொடியில் பார்த்துவிட்டது. "நன்றி. என்னைத் திருத்திக்கொண்டேன். நான் தவறவில்லை, எனக்குச் சொல்லப்பட்டது தவறு," என்றது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மேலூத்து நூறு மழைக்காலத்துக்கும் அசையாமல் நின்றது. பழைய பதினேழாம் துளையின் களி உரிய இடத்துக்குப் போனது. பலாமர வளைவு நான்காவது மழைக்காலத்திலேயே சரிந்தது. டீக்கடையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மேலூத்துக்கு மறுபடியும் ரேசன் வந்தது.

உண்மையான வளைவு நான்கு வருஷம் காத்திருக்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, பலாமரத்தோடும் டீக்கடை பெஞ்சோடும் கோலம் போட்ட நான்கு அச்சு வீடுகளோடும் பள்ளத்தில் இறங்கியது. அங்கே ஒரு ஆள் இல்லை. முப்பத்தெட்டு குடும்பங்களைக் காப்பாற்றிய நிகர்மலை என்று எல்லாச் செய்தியிலும் போட்டார்கள். அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. கதிரேசன் சார் மேடையேறி வாங்கினார். சவரிமுத்து அண்ணனுக்கு ஓராண்டு லைசென்ஸ் ரத்து. எனக்கு வேலை நீக்கம். இரண்டும் நியாயம்தான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

தை மாதம் மேலூத்துக்கு ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொல்ல வர முடியுமா என்று ராமாயி போன் செய்தாள். எனக்குத்தான் வேறு வேலை இல்லையே. ஒன்பது கிலோமீட்டர் நடந்து போனேன், வளைவு சரிந்த இடத்தில் ஊர்க்காரர்கள் வெட்டியிருந்த ஒற்றையடித் தடம் வழியாக. அந்தப் பாறை மேலேயே இருவரும் உட்கார்ந்தோம். பலாக்கொட்டை கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாளே என்று இருந்தது எனக்கு. கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன்.

"மேலூத்துப் பாதையைச் சாலையாகத் தரம் உயர்த்தும் திட்டம் நிகர்மலையின் மறுமதிப்பீட்டுக்கு உட்படுத்தப்பட்டது. சாலை இல்லாத நிலையில், கடும் மழையில், நூற்று முப்பது கிலோ எடையுள்ள இயந்திரம் அடிவாரத்திலிருந்து இப்பாதை வழியாகச் சேதமின்றிக் கொண்டு செல்லப்பட்டது இடைவெளியற்ற காட்சிப் பதிவால் உறுதியாகிறது. நோயாளி ஒருவரின் சராசரி எடை ஐம்பத்தெட்டு கிலோ. மேலும், நோயாளிகள் கீழ்நோக்கியே கொண்டு செல்லப்படுகின்றனர். ஆகவே இப்பாதை தற்போதைய தேவைக்குப் போதுமானது எனக் கருதி, திட்டம் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. கிராம மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி."

ராமாயி கடிதத்தை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கீழதான எறங்கறாங்கன்னா எழுதியிருக்கு?"

"ஆமாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே, வளைவு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மேடம், அந்த இஞ்சின எங்கியாச்சும் ஒரு எடத்துல கீழ போட்டு ஒடச்சிருந்தா ரோடு வந்திருக்குமா?"

பொய் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை. "வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"எங்க வூட்டுக்காரருதான் கெடுத்தாரு," என்றாள் ராமாயி. "நோயாளியத் தூக்கற மாதிரி பதனமாத் தூக்குங்கன்னு வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்தாரு."